முதல் மேட்ச் அன்று வாசலில் இருந்த குடங்கள்

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு நின்றுபோன கை இது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி ஏறிக்கொண்டே போகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். பிழை கண்ணில் பட்டால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்லலாமே என்று தோன்றும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் நான்.

இது இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் சித்திரையில் நடந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியின் குவார்ட்டர்ஸில் கிளப் ஒன்று இருந்தது. அதில் நீச்சல் தொட்டி. நான் அங்கே தொட்டிக்காரன், கான்ட்ராக்ட் ஆள். இலை எடுப்பது, குளோரின் போடுவது, மோட்டார் ஓட்டுவது, கேட்டைத் திறப்பது, பூட்டுவது எல்லாம் என் வேலை. சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். என் மனைவிக்குக் குருபரப்பள்ளி. மத்திகிரியைத் தாண்டி வாடகைக்கு இருந்தோம். கிளப்பின் பின் கேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் தெருவின் முதல் வீடு தெரியும்.

கிளப்பில் பையன்களுக்கு ஒரு வாட்டர் போலோ டீம் இருந்தது. தண்ணீரில் ஆடுகிற பந்தாட்டம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், இரண்டு பக்கமும் வலை கட்டிய கோல். ஒரு கையால்தான் பந்தைப் பிடிக்க வேண்டும். கால் தரையில் படக் கூடாது. கோல் காக்கிறவன் தவிர வேறு யார் நின்றாலும் விசில் அடித்துப் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். கோச் ஒரு மலையாளி, பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வயசுக் காலத்தில் இதை ஆடியவராம். டீமில் இருந்தவர்கள் எல்லாம் ஆபீசர் வீட்டுப் பையன்கள், என் பெரிய மகன் ஒருவனைத் தவிர. அவனுக்கு அப்போது பதினைந்து நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் எனக்குப் பதில் அவன் தொட்டியில் இறங்கி இலை எடுத்ததைக் கோச் பார்த்துவிட்டு, "இவன் மீனாணல்லோ" என்று சொல்லி அவனையும் சேர்த்துக்கொண்டார்.

அவன் நீச்சல் பழகியது அவன் அம்மா ஊர்க் கிணற்றில். அங்கே நிற்பதற்குத் தரை எட்டாது. மற்றப் பையன்கள் பழகியது எங்கள் தொட்டியில். மழை பொய்த்ததிலிருந்து தொட்டியை யாரும் முழுதாக நிரப்புவதில்லை. ஆழம் குறைந்த பக்கம் இடுப்பளவுதான் தண்ணீர். அதனால் பையன்களுக்குத் தன்னை அறியாமல் நின்றுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. பந்து கைக்கு வந்தால் போதும், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி நின்றுவிடுவார்கள். கோச் கரையில் நின்று, "காலு! காலு கீழே வைக்காதெடா!" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

சீசனின் முதல் மேட்ச் பெங்களூர் டீமோடு, எங்கள் தொட்டியில் என்று முடிவானது. அந்த டீமின் கோச் ஒரு வயசான மனுசர். பார்க்கிற ஊர்களில் எல்லாம் நல்ல பையனாக ஒருவனையோ இரண்டு பேரையோ பொறுக்கி, தன்னோடு வைத்துச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துப் பழக்குவாராம். அதுவும் சீசனின் முதல் மேட்ச்சில்தான் பார்ப்பாராம், அதற்குப் பிறகு யாரையும் எடுப்பதில்லையாம். "அண்ணா, இவனை அவரு பாத்தா மதி. ஒரு தடவை பாத்தா மதி," என்று எங்கள் கோச் என்னிடம் சொன்னார். மதி என்றால் போதும். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. பெரியவன் சோற்றில் கை வைத்துக்கொண்டே தோளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். நான் என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. அவன் அந்த ஒரு மேட்ச்சை ஆடி முடிக்க வேண்டும்.

அந்த வருசம் தண்ணீர் இருக்கிற இடம் எங்கள் பக்கத்தில் அந்தத் தொட்டி ஒன்றுதான் என்று சொல்லலாம். அதைத் தேடி ஒவ்வொன்றாக வந்தன. முதலில் தேனீ. காலையில் வலை போட்டு அள்ளினால் இலையைவிடச் செத்த தேனீ அதிகமாக இருக்கும். பிறகு குரங்கு. மாசிக்குப் பிறகு பாம்பு. சாரைதான், ஆனாலும் தண்ணீரில் தலையைத் தூக்கிக்கொண்டு வட்டம் அடிக்கும்போது வலையைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பேன். அடுத்து எது வருமோ என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கேட்டைத் திறப்பேன்.

மேட்ச்சுக்குத் தொட்டி ததும்ப வேண்டும் என்பதால் டேங்கர் லாரி வைத்து அடித்தார்கள். ஒரு வாரம் போல ஓடியது. லாரி எங்கள் தெரு வழியாகத்தான் பின் கேட்டுக்கு வர வேண்டும். தண்ணீர் வந்தது ஒரு தோட்டத்து போர்வெல்லிலிருந்து. அதே தோட்டத்துக்காரர்தான் அதுவரை சாயந்திரத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குக் கொஞ்ச நேரம் குழாய் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். டேங்கர் ஓட ஆரம்பித்ததும் அது நின்றுபோனது. லாரியின் பின்னால் ஒழுகுகிற தண்ணீர் மண்ணில் ஒரு கோடாக விழும். குழந்தைகள் அதன் பின்னால் செம்போடு ஓடுவார்கள். முதல் இரண்டு நாள் பெண்கள் டிரைவரைத் திட்டினார்கள். "ஏம்பா, வெள்ளைக்காரன் ஊட்டுக்கா கொண்டும் போற? நாங்க எல்லாம் நாக்க நீட்டிக்கினு நிக்கறமே, கண்ணு தெரியலையா?" என்று கேட்பார்கள். அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பான். மூன்றாம் நாளிலிருந்து திட்டு நின்றுபோனது. லாரி போகும்போது எல்லாரும் வாசலுக்கு வந்து சும்மா பார்த்தார்கள். எனக்குத் திட்டே தேவலை என்று இருந்தது.

எங்கள் தெருவில் குட வரிசைக்கு ஒரு முறை உண்டு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஆள் நிற்காது, குடம் நிற்கும். காற்று உருட்டாமல் இருக்க உள்ளே ஒரு சின்னக் கல். குடம் வேறு வேலைக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு கல்லையோ செங்கல்லையோ வைத்துவிட்டுப் போவார்கள். கல்லுக்கும் குடத்துக்கும் ஒரே மரியாதை. தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாருக்கும் அது பொது. அடுத்தவள் குடத்தையோ கல்லையோ நகர்த்தினால் அவள் கையைப் பிடித்து இழுத்த மாதிரி. கொலை விழும். இன்னொன்று, தண்ணீர் வரப்போகிற இடத்தில் மட்டும்தான் வரிசை போடுவார்கள். சும்மா ஒரு இடத்தில் யாரும் குடம் வைப்பதில்லை.

மேட்ச் அன்று விடியற்காலையில் வலை எடுத்துக்கொண்டு பின் கேட்டுக்குப் போனேன். கேட்டிலிருந்து தைல மரங்கள் வரைக்கும் குடங்கள் வரிசையாக நின்றன. ஒரு ஆளும் இல்லை. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், பெயின்ட் டப்பா. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்டைப் பார்த்து நின்றன. கோஷம் இல்லை, பலகை இல்லை. கலாட்டா பண்ண வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கேட்டுக்கு முட்டினாற்போல முதலில் நின்றது பச்சைக் குடம். அதன் வயிற்றில் ஒரு நீலத் தழும்பு. அந்த வருசப் பொங்கலுக்கு விரிசல் விட்டபோது தோசைக் கரண்டியைக் காய்ச்சி, நீலப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியது நான்தான்.

வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி பெரியவனுக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் குளியல் ரூமில் இருந்தான்.

"ஏன்டி, இன்னைக்கா?" என்றேன்.

"இன்னைக்குத்தான தொட்டி ரொம்பிக் கெடக்குது," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம குடம் மொதல்ல நிக்குது."

"அவங்கதான் வெக்கச் சொன்னாங்க. சாவி யாரு ஊட்டுல இருக்குதோ அவங்க குடம் மொதல்லன்னாங்க. நான் என்னான்னு சொல்றது? நாளைக்கும் இந்தத் தெருவுலதான இருக்கணும்."

"அவனுக்கு மேட்ச்சுடி."

"ஆடட்டும். யாரு வேணாம்னா? ஆடி முடிச்சப்புறம் அந்தத் தண்ணிய என்னா பண்ணுவீங்க?"

"அது மருந்து போட்ட தண்ணி. குடிக்க ஆகாது."

"துணி தொவைக்கலாமில்ல? புள்ளைங்களுக்கு ஊத்தலாமில்ல? எனக்குக் கால் கழுவத் தண்ணி இல்லீங்க." களியை உருண்டை பிடித்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்தபோது அட்மின் சார் கேட்டில் நின்றார். கிளப், குவார்ட்டர்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். முன் பக்க ரோட்டில் பைப் வேலை நடந்ததால் பெங்களூர் வேன் பின் கேட்டுக்குத்தான் வரும்.

"என்னய்யா இது? எவன் வெச்சான்?"

நான் கையில் இருந்த வலையை வேலியில் சாய்த்து வைத்தேன்.

"செக்யூரிட்டி! எல்லாத்தையும் தூக்கி அந்தப் பள்ளத்துல போடு."

செக்யூரிட்டி தர்மபுரிக்காரப் பையன், எங்கள் தெருவில்தான் குடியிருந்தான். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றான். "சார், நாலாவது நிக்கிறது எங்கூட்டுக் குடம் சார். அதுல கை வெச்சேன்னா எனக்குச் சோறு கெடைக்காது சார்."

"அப்ப மொதக் குடத்துல இருந்து ஆரம்பி."

"அது இந்த அண்ணன் ஊட்டுது சார்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அட்மின் சார் என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். குரலை இறக்கிக்கொண்டு பேசினார். "உன் பையன் டீம்ல இருக்கான் இல்ல? நல்லா ஆடுவானாமே. இங்க பாரு. இந்தக் குடத்த நீ உன் கையால எடு. மத்ததெல்லாம் தானாப் போயிடும். இது இங்க நின்னுதுன்னா உன் பையன் தண்ணில எறங்க மாட்டான். கோச் கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

குனிந்தேன். பச்சைக் குடத்தின் வாயில் கை வைக்கிற தூரம்தான். கை போகவில்லை. என் வீட்டுக் குடம்தான். ஆனால் வரிசையில் நிற்கிற வரைக்கும் அது அவளுடையது, எனக்கு அதில் பாத்தியதை இல்லை. அதை எடுத்தால் அவள் தெருவில் தலை காட்ட முடியாது. எடுக்காவிட்டால் அவன் கரையில் உட்கார்ந்திருப்பான், பெங்களூர்ப் பெரியவர் வேறு பையன்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான் குனிந்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அப்போது ஒரு நிழல் விழுந்தது. என் மனைவி. பின்னால் பெரியவன், கையில் துண்டு. அவள் என்னையும் பார்க்கவில்லை, அட்மின் சாரையும் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். உள்ளே இருந்த கல் உருண்டு சத்தம் கேட்டது. கையை விட்டு அந்தக் கல்லை எடுத்தாள். குடம் இருந்த இடத்தில் வைத்தாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

தைல மரங்களுக்குப் பின்னால் இருந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் குடத்தைத் தூக்கினாள், குனிந்து கல்லை வைத்தாள், போனாள். கொஞ்ச நேரத்தில் குடம் ஒன்றுகூட இல்லை. கேட்டிலிருந்து மரம் வரைக்கும் ஒரு வரிசைக் கற்கள்.

"பாத்தியா?" என்றார் அட்மின் சார். "ஒரு குடம் நகந்துச்சு, எல்லாம் போச்சு. இதுங்களுக்குப் பயம் இருக்குய்யா." கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் வீட்டு மாடியில் டேங்க் உண்டு. அவர் கண்ணுக்கு அது வெறும் கல்.

செக்யூரிட்டியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெரியவன் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "உள்ள போடா," என்றேன்.

பெங்களூர் வேன் வந்தது. பையன்கள் நல்ல உயரம், எல்லாரும் ஒரே மாதிரி பை மாட்டியிருந்தார்கள். வரிசை குறுக்கே இருந்ததால் கற்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன், "ஏனோ இது, லகோரி ஆடோக்கா?" என்றான். ஏழு கல் ஆட்டம் ஆடுவதற்கா என்று கேட்கிறான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கல் காலில் பட்டு உருண்டது. செக்யூரிட்டி ஓடிப் போய் அதை அதே இடத்தில் வைத்தான்.

பெரியவர் கடைசியாக இறங்கினார். கதர்த் துண்டு, கழுத்தில் விசில். கற்களைப் பார்த்ததும் நின்றார். நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். பிறகு வரிசையைத் தாண்டாமல், மரம் வரைக்கும் நடந்து, கடைசிக் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் கோலார்க்காரர் என்று கோச் பிறகு சொன்னார். அங்கேயும் தண்ணீர்ப் பஞ்சமும் கல் வரிசையும் எங்கள் பக்கம் மாதிரித்தான்.

ஷாமியானாவுக்குக் கீழே ஆபீசர்களும் வீட்டுக்காரம்மாக்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். எங்கள் பையன்களுக்கு வெள்ளைக் குல்லா, அவர்களுக்கு நீலம். காதை மூடித் தாடையில் நாடா கட்டுகிற குல்லா. பெரியவனுக்கு நாடா முடிச்சைக் கட்டிவிட்டபோது அவன் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "கல்லு இன்னும் அங்கியேதான இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அத நெனைக்காத. பந்தப் பாரு."

விசில் அடித்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவில் கிடந்த பந்தை நோக்கி நீந்த வேண்டும். பெரியவன் போன வேகத்தில் ஷாமியானாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பந்து அவன் கையில்தான். ஆனால் அவன் யாருக்குப் போட்டாலும் அவர்கள் நின்றார்கள். விசில். மறுபடி நின்றார்கள். மறுபடி விசில். "காலு! காலு!" என்று கோச்சுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தொட்டி ததும்பி இருந்தும் பையன்களின் கால் பழைய தரையைத் தேடிக்கொண்டே இருந்தது. பெரியவன் ஒருவன்தான் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இடது கையால் அவன் எறிந்த முதல் பந்து வலையில் விழுந்தபோது பெரியவர் எங்கள் கோச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் மோட்டார் ரூம் வாசலில் நின்று அதைப் பார்த்தேன்.

பாதி ஆட்டம் முடிந்து ஓய்வு விட்டபோதுதான் கம்பி வேலிப் பக்கம் திரும்பினேன். முதல் கல்லுக்குப் பின்னால் என் மனைவி நின்றாள். இடுப்பில் பச்சைக் குடம். இரண்டாவது கல்லுக்குப் பின்னால் மூலை வீட்டுக்காரம்மா. மூன்றாவது கல்லுக்கு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அவசரம் இல்லாமல், ஒருத்தர் பின் ஒருத்தராக, தண்ணீர் வருகிற நேரம் தெரிந்தவர்கள் மாதிரி வந்தார்கள்.

அட்மின் சாரும் பார்த்துவிட்டார். விருந்தாளிகள் பக்கத்தில் இருந்ததால் சிரித்த முகம் மாறவில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். அவன் வந்து என்னிடம் சொன்னான். "மேட்ச் முடிஞ்சதும் பூட்டிறணுமாம்ணா. ஒரு சொட்டு போகக் கூடாதாம். ஒரு நாள் குடுத்தா தெனம் வருவாங்கன்றாரு."

மறுபடி ஆட்டம் தொடங்கியது. பதினாலு பேர் நீந்தும்போது தண்ணீர் அலையாக எழும்பிக் கரையில் ஏறும், ஏறிச் சாக்கடைக் காவாயில் வழிந்து போகும். முதல் பாதியில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவை வழியும்போதும் வேலிப் பக்கம் 'ச்சு' என்று ஒரு சத்தம் வந்தது. கை தவறிக் குழந்தை விழுந்தால் பெண்கள் போடுவார்களே, அந்தச் சத்தம். ஒருத்தி மட்டும் இல்லை, எல்லாரும் ஒன்றாக. முதலில் மெதுவாக இருந்தது. போகப் போக ஷாமியானா வரைக்கும் கேட்டது. அங்கே பேச்சு நின்றுபோனது. ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தவன் தட்டோடு நின்றான். தண்ணீரின் சளப்பு, விசில், 'ச்சு'. தண்ணீரின் சளப்பு, 'ச்சு'. வேறு சத்தமே இல்லை. பெங்களூர்ப் பையன்கள்கூட வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவன் மட்டும் பார்க்கவில்லை. ஆனால் அவன் பந்தை எறிகிற விதம் மாறியிருந்தது. கையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து, அலை எழும்பாமல் எறிந்தான். கரைக்குப் பக்கத்தில் போவதையே விட்டுவிட்டான்.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கடைசி நேரத்திலும் எங்கள் பையன் ஒருவன் பந்தோடு நின்றுவிட்டான். பெரியவர் கைகொடுத்த பிறகு என் பையனைக் கூப்பிட்டு, அவன் தோள் எலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கோச்சிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். கோச் என் பக்கம் வந்து, "பெரியவரு கிளப்புக்கு ஆளு விட்டுச் சொல்லி அனுப்பும். கொறச்சு நாள் பொறுக்கணும்," என்றார். முகத்தில் சந்தோசம் இருந்தது. எடுத்துக்கொண்டார் என்றா, பார்க்கிறேன் என்றா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேனில் ஏறப் போகும்போது பெரியவர் என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு நிமிசம் நின்றார். "நீள்ளு எப்புடொஸ்தாயி அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். தண்ணீர் எப்போது வரும் என்று, குழாயடியைத் தாண்டிப் போகிற எவரும் கேட்கிற கேள்விதான்.

"தெலீது சாமி," என்றாள் அவள். தெரியாது.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கடைசிக் கல் வரை நடந்து சுற்றிக்கொண்டு போய் ஏறினார்.

ஆபீசர்கள் சாப்பிடப் போனார்கள். அட்மின் சார் போகும்போது பூட்டைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். பூட்டினேன். உள்ளே நானும் பெரியவனும். வெளியே வரிசை. வெயில் கொளுத்தியது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தியும் என்னைக் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. முதல் கல்லுக்குப் பின்னால் நின்று பூட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சாவி இடுப்பில் சுட்டது.

பெரியவன் தலை துவட்டிக்கொண்டு வந்தான். "அப்பா, தொறக்கலையா?"

"தொறந்தா பெங்களூர்ச் சேதி நமக்கு வராதுடா. கிளப்புக்குத்தான் சொல்லி அனுப்புவாங்க."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தான். பிறகு, "அம்மா ரொம்ப நேரமா நிக்குது," என்றான்.

திறந்தேன். கேட் கீல் கிரீச்சிட்டது. கூட்டம் பாயும் என்று பயந்தேன். ஒருத்தரும் பாயவில்லை. என் மனைவி குனிந்து தன் கல்லை எடுத்துக் குடத்துக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, குடத்தின் வாயைத் தண்ணீரில் சாய்த்தாள். குடம் மிதந்ததே தவிர முழுகவில்லை. பெரியவன் துண்டைப் போட்டுவிட்டு ஆழம் குறைந்த பக்கம் இறங்கினான். கால் ஊன்றி நின்றான். அவன் அந்தத் தொட்டியில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அம்மா கையிலிருந்து குடத்தை வாங்கி அமுக்கி, நிரப்பிக் கொடுத்தான். அடுத்த குடம். அடுத்த குடம். விளிம்பில் ததும்பிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

அட்மின் சார் திரும்பி வந்தபோது வரிசை பாதிக்கு மேல் நகர்ந்திருந்தது. அவர் கத்தவில்லை. வரிசையைப் பார்த்தார், தண்ணீரில் நின்ற என் பையனைப் பார்த்தார். என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. தொட்டியை அதற்குப் பிறகு நிரப்பவில்லை. டீமும் கலைந்தது. கோச் அடுத்த மாதமே துபாய் போய்விட்டார். பெங்களூரிலிருந்து சேதி வந்ததா என்று செக்யூரிட்டிப் பையனிடம் தெரு முனையில் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "நமக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் வரலண்ணா," என்பான். வராமல் இருந்ததா, வந்து ஆபீஸிலேயே நின்றதா, யாருக்குத் தெரியும்.

ஆனியில் நானே பெரியவனைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். விசாரித்து விசாரித்து அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தோம். கேட்டில் பூட்டு. உள்ளே காய்ந்த இலையும் வெடித்த டைல்ஸும். "நீரில்ல," என்றான் வாட்ச்மேன். தண்ணீர் இல்லாததால் சீசனை நிறுத்திவிட்டார்களாம், பெரியவர் ஊருக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். எங்கள் மேட்ச்தான் அந்த வருசத்தின் முதல் மேட்ச். கடைசியும் அதுதான் போலிருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் பெரியவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அத்திப்பள்ளி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது, "பசிக்குதுப்பா," என்றான். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பெரியவர் அவனை எடுத்தாரா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவனுக்கு இப்போது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது. தண்ணீரில் இறங்குவதில்லை.

இந்த வருசமும் மழை இல்லை. தெருவில் மறுபடி குழாயடியில் வரிசை. இன்று காலை ஷிப்டுக்குப் போகப் பைக்கை எடுத்த பெரியவன், வழியில் கற்கள் குறுக்கே கிடந்ததைப் பார்த்து இறங்கினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசிக் கல் வரை போய், சுற்றிக்கொண்டு போனான். முதல் கல் என் மருமகளுடையது. நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து இந்தத் தாளை எடுத்தேன்.

2019, ஆனி மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.